பத்து சென்டிமீட்டர் கோடு

'ஊகத்துக்கு இடம் தராதவர், துடிப்பானவர், சக ஊழியர்களின் உந்துசக்தி' என்று கம்பெனி வரவேற்பறையில் அவருடைய படத்தின் கீழே எழுதியிருக்கிறது. படத்தில் சிரிக்கிறார். போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லியிருந்தார்.

சர்க்யூட் போர்டில் ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்குப் போகும் சிக்னல் வழியில் என்ன பாடுபடும் என்பதை, போர்டு செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஜோசியம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். அதாவது, முன்பு வந்தது. மனைவி இறந்துபோன இந்த ஆறு வருஷத்தில் கோபம் வருவதில்லை; பசியும் கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் வருகிறது.

அந்த வாரம் புதிய போர்டுகளில் நூற்றுக்கு முப்பது சோதனையில் தோற்றன. கம்ப்யூட்டரில் எல்லாமே தேறியிருந்தன. அப்படியானால் கைவைத்தவர் மேல்தானே பழி? கனெக்டர்களைக் கையால் பற்றவைக்கும் பெண்மணியைப் பிடித்தார்கள். பதினோரு வருஷமாகச் சால்டர் புகைக்குள் உட்கார்ந்திருப்பதால் எல்லோருக்கும் 'புகையக்கா'. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மீட்டிங். அதற்குப் பிறகு அக்கா வேலைக்கு வர வேண்டியதில்லை என்று மேனேஜர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்.

வெள்ளி காலையில் அக்கா அவர் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் பாஸாமே?"

"ஆமாம்மா."

"அதுக்கென்ன, அது புகையா குடிக்குது? பத்து போர்டுல கனெக்டரைக் கழட்டி மறுபடி பத்தவச்சேன். முன்னாடி ஃபெயிலான அதே மூணுதான் இப்பவும் ஃபெயில். என் கைதான் கோளாறுன்னா மாத்தி மாத்தில்ல கெடணும்?"

"பாக்குறேன்மா."

"நீங்க பாக்குறேன்னு சொல்லி நான் எதையும் பாத்ததில்ல சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்தார். போர்டுப் பலகை சிக்னலை எவ்வளவு தின்னும் என்பதற்கு ஓர் எண் உண்டு. பலகை விற்பவன் 0.020 என்கிறான். இங்கே எல்லோரும் போடுவது 0.008, 'சாரோட நம்பர்' என்று அதற்குப் பெயர். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த எண் பிறந்தது ஆறு வருஷத்துக்கு முன்பு. சோதனைக்காகப் போர்டில் போட்ட செம்புக் கோட்டில் சிக்னலை அளந்து வந்த வளைவும் கம்ப்யூட்டர் போட்ட வளைவும் ஒட்டவில்லை. மறுநாள் மனைவிக்கு ஆபரேஷன். ஒன்றின் மேல் ஒன்று படியும்வரை எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தார். படிந்ததும் வீட்டுக்குக் கிளம்பினார். அதன் பிறகு வந்த போர்டுகளில் கோடுகள் குட்டை, சிக்னல் அதிகம் தேயவில்லை, குட்டும் வெளிப்படவில்லை. இந்தப் போர்டில் கோடு நாற்பது சென்டிமீட்டர்.

பழைய ஃபோல்டரைத் திறந்தார். அன்றைக்கு ரிப்போர்ட்டுக்காக எடுத்த போட்டோ இருந்தது. அருகருகே இரண்டு கோடுகள்: ஒன்று இருபது சென்டிமீட்டர், ஒன்று பத்து. அவர் கணக்குப் போட்டது இருபதுக்கு. அளக்கும் கேபிள் மாட்டியிருந்தது பத்தில்.

பெரிதாக்கிப் பார்த்தார். அப்போதும் பத்துதான். ஒரு மணி ஆகியிருந்ததால் சாப்பிட்டார்.

மகள் போன் செய்தாள். "சாப்டியாப்பா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு 0.020 போட்டு ஓட்டினார். நாற்பது நிமிஷம் ஓடியது. சிக்னல் விளிம்பில் நின்றது: பலகையைப் பொறுத்து, தேறினாலும் தேறும், தோற்றாலும் தோற்கும்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் எட்டிப்பார்த்தார். "சார், நம்ம பக்கம் க்ளீன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. போதும்."

"க்ளீன் இல்ல. என் நம்பர் தப்பு."

"ஆறு வருஷமா அதைத்தானே சார் போடுறோம்!"

"ஆமா. அதையெல்லாம் திரும்பப் பாக்கணும்."

"சுவத்துல படம் மாட்டியிருக்கோம் சார்..."

"கழட்டிடுங்க," என்றார், விளக்கை அணைக்கச் சொல்வதுபோல.

மேனேஜர் நின்றுகொண்டிருக்கும்போதே அவர் எல்லோருக்கும் எழுதினார்: '0.008 நான் அளந்த எண் அல்ல, பொருந்தும்வரை மாற்றிய எண். கேபிளைத் தப்பான கோட்டில் மாட்டியிருந்தேன். பற்றவைப்பில் குறையில்லை.' போட்டோவை இணைத்து அனுப்பினார்.