சிவப்பு வளையம் போட்ட மரம்

காலை பத்து இருபதுக்கு அம்மா செருப்பைக் கழற்றினார். நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விமான நிலையத்தில் மாமா வாங்கித் தந்த டிஜிற்றல் மணிக்கூடு என் கையில் இருந்தது. அந்தப் பயணம் முழுவதும் நான் கடலைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். அம்மா செருப்பைக் கழற்றியது ஒரு மரத்தடியில். கரீபியன் கடலில், யாரும் குடியிருக்காத ஒரு சின்னத் தீவின் கரையில், மற்ற மரங்களை விட்டு விலகி நின்ற மரம் அது.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. கனடாவில், மல்வேர்னில் வாடகை வீட்டில் இருந்தோம். கனடாக் கடவுச்சீட்டு கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் தம்பியான மாமா ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். அவருக்குப் பக்கத்து மெஷினில் ஒரு கிரெனடாக்காரர். ஊரில் தமையனோடு பங்காக ஒரு பாய்மரப் படகு வைத்திருந்ததால் தொழிற்சாலையில் எல்லோரும் அவரைக் கப்டன் என்றார்கள். மார்ச் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எங்களையும் வரச் சொன்னார்.

மாமா அம்மாவிடம், "கப்பலில போறம் அக்கா," என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை. அளவைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மா சாப்பாட்டு மண்டபத்துக்கு உடுக்க இரண்டு பட்டுச் சேலைகளை எடுத்து வைத்தார். துறையில் நின்ற படகு எங்கள் வீட்டு ஹோலைவிடக் கொஞ்சம் நீளம்.

"உதோ கப்பல்?" என்றார் அம்மா.

"பாய் இருக்குத்தானே அக்கா. பேந்தென்ன?"

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்தான் கெட்டிக்காரர் என்று முதல் இரண்டு நாளும் வாந்திக்கு இடையிடையே அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் கால் வைத்தால் போதும், யாராவது ஒரு சாமிக்கு ஏதாவது செய்வேன் என்றும் நேர்ந்துகொண்டார். எந்தச் சாமிக்கு என்று குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் அந்தத் தீவுக்கு முன்னால் நங்கூரம் போட்டோம். கப்டன் கிழிந்த பாயைத் தைப்பதற்காகப் படகிலேயே நின்றுவிட்டார். மாமா எங்களைச் சின்னத் தோணியில் ஏற்றிக் கரைக்குத் துடுப்பு வலித்தார். தீவைச் சுற்றி நடக்க இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. ஓர் ஒற்றைச் செருப்பு, யாரோ மீன் சுட்ட கற்கள், சங்கைச் சுமந்துகொண்டு போன நண்டுகள் எல்லாவற்றையும் நானும் தம்பியும் கண்டுபிடித்தோம். எல்லாவற்றுக்கும் நான் பெயர் வைத்தேன். தம்பி அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொன்னான். அது அவனுடைய வேலை.

அதன்பிறகுதான் மரம். வெயிலில் சுற்றி வந்த எங்களுக்கு அதன் நிழல் பெரிதாகத் தெரிந்தது. அடிமரத்தில், என் நெஞ்சு உயரத்தில், சிவப்பு நிறத்தில் அகலமான ஒரு வளையம் பூசியிருந்தது. ஆணி அடித்த சின்னப் பலகை ஒன்றும் இருந்தது. அதிலிருந்த எழுத்தை மழை எப்போதோ கழுவிவிட்டது.

மாமாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "அக்கா, கப்டன் வெளிக்கிடேக்க ஒரு விசயம் சொன்னவர். றெட் மரத்தை மைண்ட் பண்ணுங்கோ எண்டு."

"அப்பிடியெண்டா?"

"மைண்ட் எண்டா மனம். மனசில வைச்சிருங்கோ எண்டுறார்."

அம்மா வளையத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "ஆரோ எங்கட ஆக்கள் வந்துபோற இடம் போல."

"இருக்கும் அக்கா. பக்கத்துத் தீவு றினிடாட்டில கோயில் நிறைய எண்டு கேள்வி."

"உப்பிடிக் கடற்கரையில தனிச்சு நிக்கிறதெண்டா வைரவர்தான்," என்று அம்மா முடிவு செய்தார்.

கப்டன் அதைச் சொன்னபோது நான் படகுக்குள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் சரியாகத் தெரிந்தது எனக்குத்தான். அதை மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். 

அம்மா செருப்பைக் கழற்றி, எங்களையும் கழற்றச் சொல்லி, கண்ணை மூடிக் கும்பிட்டார். மணலில் பழங்கள் விழுந்து கிடந்தன. பச்சையும் மஞ்சளுமாய், சின்ன ஆப்பிள் மாதிரி. நல்ல வாசம். இரண்டை எடுத்துச் சட்டையில் துடைத்து, மரத்தடியில் வைத்து எடுத்து, எங்களுக்கு ஒவ்வொன்று தந்தார். தனக்கு எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் எல்லோருக்கும் பிறகுதான் சாப்பிடுவார்.

தம்பி கடித்தான். "இனிக்குது," என்றான். நான் கடிக்கவில்லை. அவன் தின்று முடிந்த பிறகு அவனுக்கு முன்னால் ஆறுதலாக, மெல்ல மெல்லத் தின்று காட்டலாம் என்று வைத்திருந்தேன். அந்தக் கெட்ட எண்ணம்தான் என்னைக் காப்பாற்றியது.

ஒரு நிமிடம் போயிருக்கும். "அம்மா, உறைக்குது."

மாமா சிரித்தார். "பழம் உறைக்குமோடா? காலமை திண்ட மிக்சரா இருக்கும்."

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. தம்பி வாயைத் திறந்தபடி அழுதான். எச்சில் வடிந்துகொண்டே இருந்தது, அவனால் விழுங்க முடியவில்லை. உதடு வீங்கியது. அழுகைச் சத்தம் வேறு யாரோ அழுவது போல மாறியது. மாமா என் கையிலிருந்த பழத்தைத் தட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீர் வரை ஓடி, "கப்டன்! கப்டன்!" என்று கத்தினார். அவருக்கு ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான் அப்போது வந்தது.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. தம்பி கைவிட்ட பழம் மணலில் கிடந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் பல் பதிந்திருந்தது. அம்மா அதை எடுத்தார். மணலை ஊதினார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைக் கடித்தார். வேகமாகச் சப்பி விழுங்கினார், மறுபடியும் கடித்தார், கொட்டை மட்டும் மிஞ்சும்வரை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து முப்பத்துநாலு.

எனக்கு அம்மாமேல் வெட்கமாக இருந்தது. தம்பி அழுதுகொண்டிருக்கிறான், என்னுடையதைத் தட்டிவிட்டாயிற்று, இவர் மட்டும் தின்கிறார். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கப்டன் முதலில் படகின் உள்ளே ஓடி மறைந்தார். எங்களை விட்டுவிட்டார் என்று நினைத்து மாமா ஊர்ப் பாஷையில் அவரைத் திட்டினார். அவர் ரேடியோவில் பக்கத்துத் தீவின் தாதியைக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு பால்மாவைக் கரைத்த போத்தலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கடலில் குதித்து நீந்தி வந்தார். வந்ததும் எங்களை மரத்திலிருந்து தூரத்துக்கு விரட்டினார். அதன் பால் பட்டாலே தோல் வெந்துவிடுமாம். பழத்துக்கு அங்கே சாவு ஆப்பிள் என்று பெயராம். அந்தச் சிவப்பு வளையம், கிட்டப் போகாதே என்பதற்கு அடையாளமாம்.

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மைண்ட் எண்டா கவனம் எண்டும் அர்த்தமாம் அக்கா."

அம்மா பதில் சொல்லவில்லை. பயத்தில் வாயடைத்துப் போனார் என்று அவர்கள் நினைத்தார்கள்.

படகு காற்றுக்கு எதிராகப் போக அரை நாள் எடுக்கும், மோட்டர் தோணியில் தாதி வருவதே விரைவு என்றார் கப்டன். வெயிலில் மணலில் இருந்தோம். தம்பி அம்மாவின் மடியில் கிடந்தான். அவன் கையை எடுத்து அம்மா தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, சத்தம் கேட்க மூச்சை இழுத்து விட்டார். இழுப்பார், விடுவார். அவன் அழுகையை நிறுத்தி அதே மாதிரி இழுத்தான், விட்டான். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கப்டன் பாலை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதைத் தம்பியின் வாயில் வைத்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். அவளுக்குப் பதினேழு வயது. இந்த மார்ச் விடுமுறையில் தோழியின் குடும்பத்தோடு அதே கடலில் பாய்மரப் படகில் போக வேண்டுமாம். சம்மதப் படிவம் நாலு நாளாகக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக் கிடக்கிறது. அந்தத் தீவுகளில் உள்ள மரங்களின் பட்டியலை நான் அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். "அம்மா, சீரியஸ்லி? மரத்துக்குமா பயப்பிடுறீங்க?" என்றாள். ஓம் என்றேன். அவள் சின்னவளாக இருந்தபோது பூங்காவில் கீழே விழுந்து கிடந்த எதையாவது வாயில் வைத்தால், முதலில் ஓடிப்போய் அவள் கையைத் தட்டிவிடுவேன், பிறகுதான் குரல் வரும். இன்றும் அப்படித்தான்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மோட்டர்ச் சத்தம் கேட்டது. தாதி தோணியிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பருத்த உடம்பு, றப்பர் சப்பாத்து, கையில் ஐஸ் பெட்டி. தம்பியின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். மார்பில் காதை வைத்தார். தம்பி அவரை உதைத்தான்.

"ஒரு கடிதான் கடித்திருப்பான். உதைக்கிறவனுக்கு மூச்சு இருக்கிறது. பின்னேரத்துக்குள் சரியாகிவிடும்," என்றார். மாமா அதை அம்மாவிடம் தமிழில் சொல்லச் சொல்ல விம்மினார்.

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அப்போதுதான் தாதி அம்மாவைக் கவனித்தார். தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார். உள்ளே முழுவதும் வெள்ளையாகக் கொப்புளம் போட்டிருந்தது. பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து அம்மாவின் கையில் ஏற்றினார். பிறகு கப்டனைப் பார்த்தார். கப்டன் மாமாவைப் பார்த்தார். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது.

கடைசியில் தாதி என்னிடம் வந்து குனிந்தார். "நீ பார்த்தாயா?"

பார்த்தேன் என்றேன். "தம்பி போட்ட மிச்சத்தை அம்மா தின்றார்."

"அவன் அழத் தொடங்குவதற்கு முன்னாலா?"

"பிறகு."

தாதி நிமிர்ந்தார். அம்மாவைப் பேராசைக்காரி என்று நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என்ன இருந்தாலும் என் அம்மா. அவரைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்: "அம்மாவுக்குச் சரியான பசி."

தாதி திரும்பி அம்மாவைப் பார்த்தார். தம்பியின் கை இன்னும் அம்மாவின் தொண்டையில்தான் இருந்தது.

"இல்லைப் பிள்ளை," என்றார், "அது பசி இல்லை."

இவருக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.