தட்டான்கள் பார்த்த பக்கம்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிற ஆள் நான். மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பத்தொன்பது வருடமாக உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன், எதைக் கேட்டாலும் "அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி வீட்டில் எனக்கு அதுவே பட்டப்பெயர். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ராத்திரி நடந்திருந்தால்கூட ஏதோ கண்மயக்கம் என்று விட்டுவிடலாம். இது மத்தியானம் மூன்று மணிக்கு, சுள்ளென்ற வெயிலில், ஆற்று நடுவில் நடந்தது.

எங்கள் ஆற்றுக்கு எல்லாரும் மின்மினி பார்க்கத்தான் வருவார்கள். நான் பகலில் தட்டான் பார்க்கப் போகிறவள். இயற்கை ஆர்வலர் குழு ஒன்றுக்காகச் சனிக்கிழமைதோறும் படகில் போய் என்னென்ன தட்டான் இருக்கிறது என்று படம் எடுத்து, பெயர் எழுதி, பாரத்தில் நிரப்பிக் கொடுப்பேன். படகு பாக் டின்னுடையது. அறுபதை நெருங்கும் மலாய்க்காரர், ஆற்றங்கரையில் கம்பம் என்று சொல்கிற மலாய்க் கிராமத்திலேயே பிறந்தவர். நாங்கள் இரண்டு பேரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம், அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவருக்கு நான் 'சிகு', அதாவது டீச்சர். அந்தப் பாரத்தில் 'உள்ளூர்ப் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு, அதை மட்டும் நான் நிரப்பியதே கிடையாது, ஏனென்றால் சிவப்போ பச்சையோ நமக்கு எல்லாமே தட்டான், அவருக்கு எல்லாமே பெப்பாதுங்.

அன்றைக்கு நாங்கள் ஆற்றை எதிர்த்து ஈஜோக் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். கடலில் ஏற்றம் ஆரம்பித்து ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கரையோரக் குச்சிகளில் வழக்கத்தைவிட நிறையத் தட்டான்கள். முதலில் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டே போனேன், நம்பினால் நம்புங்கள், நாற்பது ஐம்பது படம் எடுத்த பிறகுதான் உறைத்தது, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன.

இதில் அதிசயம் இல்லை, தட்டான் பொதுவாகக் காற்றை எதிர்த்து உட்காரும். ஆனால் காற்று எங்கள் முதுகுப்பக்கம் கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவையோ காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. சரி, வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வளைவு தாண்டினோம். அங்கே இடக்கரையில் இருந்தவை ஆற்றுக்குக் குறுக்கே எதிர்க்கரையைப் பார்த்தன. வலக்கரையில் இருந்தவை நமக்கு வாலைக் காட்டிக்கொண்டு நீப்பா என்கிற ஆற்றோரப் பனைக் கூட்டத்துக்குள் பார்த்தன. இன்னும் கொஞ்சம் மேலே போனால், எல்லாம் எங்களுக்குப் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்றும் பறக்கவில்லை, இரை பிடிக்கவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை.

பாக் டின் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"சிகு, இதுங்க என்னத்தப் பாக்குது?"

"தெரியலயே."

அந்த வார்த்தையை நான் அவரிடம் அதுவரை சொன்னதே இல்லை. படகைத் திருப்பச் சொன்னேன். பூச்சிகள் பார்க்கிற பக்கமெல்லாம் ஒரு கோடு போட்டால் எல்லாக் கோடும் வந்து சேர்கிற இடம் ஒன்று இருக்கும் அல்லவா, அதைக் கண்ணால் தேடிக்கொண்டே வந்தேன். வலக்கரையில், நீப்பா மட்டைகள் தண்ணீர்வரை சாய்ந்து மூடியிருந்த ஓர் இடம். பாக் டின் துடுப்பால் மட்டையைத் தூக்கினார்.

உள்ளே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பூப்போட்ட நைட்டி. இடுப்புவரை சேற்றில் புதைந்து, தண்ணீர் நெஞ்சுவரை வந்திருந்தது. வலது கை துவண்டு மிதந்தது, இடது கையால் ஒரு மட்டையைப் பிடித்திருந்தார். தலை, தோள், அந்தக் கை, காது மடல் என்று எங்கு பார்த்தாலும் தட்டான்கள். ஒன்றையொன்று கண்டால் துரத்தி அடிக்கிற வகைகள், ஒன்றையொன்று தின்கிற வகைகள்கூட, இறக்கையோடு இறக்கை ஒட்டிக்கொண்டு அந்த அம்மாமேல் உட்கார்ந்திருந்தன. வெயில் மட்டை இடுக்கு வழியாக விழுந்து அத்தனை இறக்கையும் மின்னியது. பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒன்றைப் படித்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. எனக்குப் பயம் வரவில்லை. செருப்போடு கோயிலுக்குள் நுழைந்துவிட்டது மாதிரி ஒரு கூச்சம்தான் வந்தது.

"அம்மா, பயப்படாதீங்க, நாங்க தூக்கிடுறோம்" என்றேன்.

அவர் பயந்த மாதிரியே தெரியவில்லை. மட்டையை விட்டுவிட்டு அந்தக் கையால் தோளில் இருந்த செவ்விறக்கைத் தட்டானைக் காட்டி, தெளிவாக, "குங்கும முக்காடு" என்றார். அடுத்து காதோரம் இருந்த மெல்லிய ஒன்று. "நெருப்புக்குச்சி." அடுத்தது, "மழையழைப்பான்." அடுத்தது, "ஒத்தக்காவல்."

சேறு லேசில் விடாது. பாக் டின் படகுப் பலகையைக் கழற்றி அவருக்கு அடியில் செலுத்தினார், நான் அக்குளில் கயிறு போட்டு இழுத்தேன், இருபது நிமிடம் ஆகியிருக்கும், தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் அந்த அம்மா ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் ஏன் என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பிச் சொன்னேன். பதினொரு பெயர். படகுக்குள் அவரைக் கிடத்தியதும், அத்தனை தட்டான்களும் ஒரே நேரத்தில் எழும்பின. சத்தமே இல்லை, முகத்தில் காற்று மட்டும் பட்டது. அவை போன பிறகு அந்த அம்மா வெறும் ஆகாயத்தைப் பார்த்து இன்னொரு பெயர் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

படகுத்துறைக்கு ஆம்புலன்ஸ் வந்தது, கூடவே அவர் மகளும் வந்தாள். கவிதா என்று பெயர், செம்பனைத் தோட்டத்து வீட்டிலிருந்து அம்மா காலையில் காணாமல் போய், ஊரே செம்பனைக் காட்டுக்குள் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆற்றுப் பக்கம் யாரும் நினைக்கவே இல்லை, ஏனென்றால் சரோஜா என்கிற அந்த அம்மா பக்கவாதம் வந்தவர், கோல் ஊன்றி வாசல்வரை நடப்பதே பெரிய விஷயமாம்.

"உங்க அம்மா நல்லாதான் பேசுனாங்க, பயப்படாதீங்க" என்று நான் ஆறுதலாகச் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "டீச்சர், சும்மா சொல்லாதீங்க லா. அம்மாவுக்குப் பேச்சு போயி ரெண்டு வருஷமாச்சு. டாக்டரே வராதுன்னுட்டாரு. ஒரு 'ம்' கூட வந்தது இல்ல."

"இல்லம்மா, என் காதால கேட்டேன்."

"என்ன பேசுனாங்க?"

"தட்டானுக்கெல்லாம் பேரு சொன்னாங்க."

"அதெல்லாம் எங்கம்மாவுக்குத் தெரியாதே." ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "என் பேர் சொன்னாங்களா டீச்சர்?" என்றாள்.

ஆமாம் என்று பொய் சொல்லியிருக்கலாம். அந்தச் சமயத்தில் எனக்குப் பொய் வரவில்லை. "இல்லம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். சரோஜா அம்மா பிழைத்துவிட்டார், இப்போதும் நன்றாக இருக்கிறார், நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இதுவரை சொன்னது அல்ல. மனிதருக்குப் பேச்சு திரும்புவதற்கும், பூச்சி ஒன்றுகூடுவதற்கும், நான் நினைத்தால் இப்போதும் ஏதாவது காரணம் கண்டுபிடித்துவிடுவேன். அன்று சாயங்காலம் நானும் பாக் டின்னும் சேறு காயாத துணியோடு கரையோரக் கடையில் தே ஓ, பால் விடாத டீ, குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்தம்மா எவ்வளவு அழகா மலாய் பேசுனாங்க, சிகு. எங்க கம்பத்துப் பழைய மலாய். இப்ப எங்க பிள்ளைங்களுக்கே வராது."

"மலாயா? தமிழ்லதானே பேசுனாங்க."

"எனக்குத் தமிழே தெரியாதே. எனக்கு எப்படிப் புரிஞ்சது?" என்று கேட்டுவிட்டு விரல்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். முதலாவது, செலெண்டாங் மேரா. சிவப்பு முக்காடு. மூன்றாவது, பங்கில் ஹூஜான். மழையைக் கூப்பிடுவது. கரைக்குத் திரும்பும்போதே பெயர்களை எழுதி வைத்திருந்த என் நோட்டை எடுத்துப் பிரித்தேன். பதினொன்றுக்குப் பதினொன்று, அதே வரிசை, அதே பொருள். நான் கேட்டது தமிழ், அவர் கேட்டது மலாய், படகு ஒன்று, வாய் ஒன்று.

"கடைசியா ஆகாயத்தப் பாத்துச் சொன்னாங்களே, அது?" என்று கேட்டார்.

நான் நோட்டை மூடி வைத்தேன். அது பூச்சியின் பெயர் இல்லை. கல்யாணமான புதிதில் ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஒரு குழந்தை தங்காமல் போனது. அதற்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை, எங்கும் எழுதி வைத்ததும் இல்லை. சரோஜா அம்மா சொன்னது அந்தப் பெயர்.

"நீங்க என்ன கேட்டீங்க, பாக்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஆற்றைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேணாம், சிகு" என்றார்.

இன்றைக்கும் சனிக்கிழமைதோறும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே படகில்தான் போகிறோம். அவர் என்னிடம் சொல்லவில்லை, நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்தது யாருடைய பெயர் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.