சீர் வெட்டாத கணினி

கடப்பாக்கத்துச் செல்லம்மாவின் மூத்த மகள் கல்யாணக் கேசட்டில் தாய்மாமன் சீர் இல்லை. மதுராந்தகத்து வீடியோக்காரர் லட்சுமணன் அதை முழுமையாகத்தான் எடுத்திருந்தார். ஆனால் அந்நாளில் அவருடைய டேப்புகள் எடிட்டிங்குக்காகச் சென்னைக்குப் போய்வந்தன. தலையில் தட்டுகளுடன் உறவினர் வரிசையாக நடந்து வருவது, அங்கே எடிட் செய்தவருக்கு ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றியது; வெட்டிவிட்டார். செல்லம்மாவின் அண்ணன் முத்துசாமி கேசட்டைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“நான் வந்ததே இதுல இல்ல. வர்லன்னே வச்சிக்கோ.”

அன்றிலிருந்து அவர் தங்கை வீட்டில் கை நனைக்கவில்லை. 2002ஆம் ஆண்டு ஆனியில் இளைய மகளின் கல்யாணம் என்று நிச்சயமானபோது, செல்லம்மா லட்சுமணனின் மனைவி வசுமதியைத் தேடி வந்தார்.

“அண்ணன் கடமைக்கு சீர் கொண்டாருவாரு, சாப்டாம பூடுவாரு. ஆடி விருந்துக்கு அவர உக்கார வச்சி கேசட்ட போடப் போறேன். இதுலயும் வெட்டினீங்கன்னா அவரு எனக்கு இல்ல, வசுமதி.”

மதுராந்தகத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்திருந்த வசுமதி, இனி வீட்டிலேயே எடிட் செய்வது என்று முடிவெடுத்தார். கையில் இருந்த சேமிப்புக்குள் எது அவசியம், எது ஆடம்பரம் என்பதைப் பிரித்துக்கொண்ட பிறகே கணவருடன், கணினிச் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார்.

“பென்டியம் ஃபோர் எடுத்துக்கோக்கா, சும்மா பறக்கும். கேம் கார்டும் போட்டுத் தரேன்,” என்றார் கடைக்காரர்.

“பறந்து இன்னா பண்றது? ஒரு கல்யாணத்துக்கு நாலு டேப்பு ஆவுது. அத்த எங்க வைக்கிறது?”

“வேண்டாதத வெட்டிட்டு வெச்சிக்கோ.”

“வெட்டாம இருக்கத்தான் மிஷினே வாங்க வந்துக்கீறேன்.”

ஒரு மணி நேர டேப் ஹார்டு டிஸ்கில் பதின்மூன்று ஜிபி இடம் பிடிக்கும். ஆகவே, வேகம் குறைந்த செலிரான் சிப் போதும் என்று மிச்சப்படுத்தி, விண்டோசுக்குச் சிறிய டிஸ்க் ஒன்றும், வீடியோவுக்கு மட்டும் எண்பது ஜிபி டிஸ்க் ஒன்றுமாக வாங்கினார். இரண்டு வேலையையும் ஒரே டிஸ்க் செய்தால், டேப்பிலிருந்து ஏறும்போது படம் இடையிடையே விட்டுப்போகும் என்பதை வகுப்பில் கேட்டறிந்திருந்தார். கேமராவை இணைக்க ஒரு ஃபயர்வயர் கார்டும், மதுராந்தகத்துக் கரண்டை நம்ப முடியாததால் ஒரு யுபிஎஸ்ஸும் சேர்ந்தன. மானிட்டர், ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழையது.

“ஸ்லோ மிஷின வாங்கினு போனா ஊர்ல சிரிப்பானுங்க,” என்று பேருந்தில் முணுமுணுத்தார் லட்சுமணன்.

“சிரிக்கட்டும். மாமன் தட்டு வந்தா போதும்.”

கல்யாணம் முடிந்தது. நான்கு டேப்பும் குறையின்றி டிஸ்கில் ஏறின. ஆனால் கடைசி நேரத்தில் வசுமதிக்கு ஓர் ஆசை வந்தது. சென்னைப் பளபளப்புக்குத் தன் வேலை குறைந்ததாக இருக்கக் கூடாதென்று, ஒவ்வொரு சீர்த்தட்டின்மேலும் ரோஜா இதழ்கள் கொட்டும்படி செய்தார். எடுத்தபடியே ஒட்டிய படத்தைக் கணினி அப்படியே வெளியே விடும். இதழ் விழும் படத்தையோ ஒவ்வொன்றாகப் புதிதாக ஆக்க வேண்டும். விருந்துக்கு முந்தைய நாள் காலையில் தொடங்கிய வேலை, இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று மதியம் திரையில் காட்டியது.

“அப்பவே சொன்னேன்ல, பெரிசா வாங்கலாம்னு,” என்றார் லட்சுமணன்.

வசுமதி முடிந்திருந்த கொஞ்சத்தைப் போட்டுப் பார்த்தார்.

“பூவுதான் வுழுந்துகினே கீது. தட்டுல இன்னா கீதுன்னே தெர்லயே.”

வளையலும் மஞ்சளும் பட்டுப்புடவையும் இதழ்களுக்கு அடியில் மறைந்திருந்தன. சென்னைக்காரர் வெட்டி மறைத்ததைத் தான் பூப்போட்டு மறைப்பது அவருக்குப் புரிந்தது. இதழ்களை எல்லாம் நீக்கினார். அதே மெதுவான கணினி, முத்துசாமியின் வரிசையை அது நடந்து வந்த வேகத்திலேயே, ஓர் அடி பிசகாமல், கேசட்டில் இறக்கியது.

மறுநாள் கடப்பாக்கத்தில் முத்துசாமி வாசலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார், உள்ளே வரவில்லை. வசுமதி கேசட்டைப் போட்டார். மேளம் ஒலித்தது, முதல் தட்டு வந்தது. அடுத்தது வந்தது. அவர் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னா மாமா, வரிச முடியவே மாட்டேங்குது?” என்றார் புது மாப்பிள்ளை.

“எப்டி முடியும்? என் மச்சினிச்சி இன்னும் வர்லியே. தோ, வரா பாரு. எப்பவும் லேட்டு.”

கடைசியில் பட்டுப்புடவைத் தட்டுடன் முத்துசாமியே வந்தார். திரையில் இருந்தவரை நாற்காலியில் இருந்தவர் வெகு கவனமாகப் பார்த்தார்.

“செல்லம்மா, எல போடு. சாப்ட்டு இன்னொரு தபா பாக்கலாம்.”

செல்லம்மா இலையை விரித்துவிட்டு, வசுமதியின் கையைப் பிடித்து அடுத்த இலையில் உட்கார வைத்தார்.

அடுத்த தையில் கல்பாக்கத்திலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் வசுமதியைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் லட்சுமணன் முதலிலேயே சொல்லிவிடுவார்:

“எங்க வூட்டு மிஷின் ஸ்லோதான். ஆனா ஒருத்தரையும் வுடாது.”