உள்ளளவு

பூக்கிடங்கில் அவளுக்குத் தலகாணி என்று பெயர். காரணம், கம்பெனி கொடுத்த கோட்டு. ஒரே அளவில்தான் வரும். குளிரறையில் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டுதான் பூக்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து வாளிகளில் வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது கோட்டு. அவள் குள்ளம், தோள் அகலம். அவளுக்கு அது உறை.

முன்பக்கக் கவுண்டரில் நின்றவள் வேலையை விட்டுப் போனாள். வியாபாரிகள் வந்து பூ எடுக்கும் இடம். அங்கேயும் குளிர்தான்; ஆனால் ஜன்னல் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு, நாள் முழுக்கப் பேசலாம். பேச்சில் அவளை அடிக்க ஆளில்லை. அந்த இடத்தைத் தனக்குத் தரும்படி மேனேஜரிடம் போய்க் கேட்டாள்.

"நீ பேசுவ, சரி" என்றார் மேனேஜர். "ஆனா அங்க நிக்கிறவங்க பாக்க நறுவிசா இருக்கணும்மா. இந்தக் கோட்டுல நீ எந்தப் பக்கம் பாத்து நிக்கிறன்னே தெரியல."

"கோட்ட மாத்திட்டா?"

"திங்கக்கிழமை வா. பாப்போம்."

கோட்டுக்குப் பதிலாகப் போட, கடைகளில் ஸ்வெட்ஷர்ட் பார்த்தாள். தோளுக்குச் சரியாக இருந்ததில் கை நீளம். விரல்நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. கைக்குச் சரியாக இருந்ததில் தலை பாதியில் நின்றுவிட்டது. "சின்னப் பசங்க பிரிவுல பாக்கலாமா?" என்ற மகளை முறைத்தாள். கடைசியில், உள்பக்கம் பஞ்சாக இருக்கும் கனத்த பனியன் துணியைச் சாம்பல் நிறத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். திரைச்சீலையும் மகளின் சட்டைகளும் தைத்த மிஷின் இருந்தது. ஸ்வெட்ஷர்ட்டும் துணிதானே.

கணவன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் பிரிவு. "துணி வெட்ட பேப்பர்ல பேட்டர்ன் போட்டா கிழிஞ்சிடும். அட்டையில வெட்டித் தரேன், ஆயுசுக்கும் கெடக்கும்" என்றான். அவள் ஏற்கெனவே உடம்பை அளந்து, தாராளத்துக்கும் தையலுக்கும் இடம் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தாள். அந்த எண்களைச் சொன்னாள்.

"இது எந்த அளவு?"

அவள் வாயில் குண்டூசிகள். "உள்ள அளவுதாங்க. வெட்டுங்க."

பெட்டித் தொழிலில் உள்ளளவு என்றால் உள்ளே வைக்கும் சரக்கின் அளவு. பெட்டி அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அட்டையின் கனத்துக்குக் கொஞ்சம், மடிப்புக்குக் கொஞ்சம், சரக்கு இடிக்காமல் இருக்கக் கொஞ்சம். அவன் சுற்றிலும் கூட்டினான். மனைவிக்கென்று இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

அவள் அட்டையை அளந்து பார்க்கவில்லை. வெட்டித் தைத்து, போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

மகள் சுற்றி வந்து பார்த்தாள். "நல்லாத்தாம்மா இருக்கு. இன்னொருத்தர வாடகைக்கு வைக்கலாம்."

"என்னங்க வெட்டித் தந்தீங்க?"

"உள்ளளவுன்னு நீதான சொன்ன?"

"உள்ள அளவுன்னு சொன்னேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ஐயோ, இருக்கிற அளவுங்க! இருக்கிற அளவு!"

"அப்ப அப்படிச் சொல்லணும். சரக்கு இடிக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

"நான் சரக்கா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். அவன் ஸ்வெட்ஷர்ட்டைக் கழற்றச் சொல்லி வாங்கித் தன் தலைவழியே மாட்டினான். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. கண்ணாடிமுன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

"கழட்டுங்க."

"குளிருதே."

பிடுங்கிப் போட்டுக்கொண்டு, பக்கங்களை இழுத்துத் தன் அளவுக்கு ஊசி குத்தினாள். அப்போதும் கண்ணாடியில் தலகாணிதான். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அளவு சரியாகிவிட்டது, பின் என்ன? வெகுநேரம் பார்த்தாள். கையை இணைக்கும் தையல் தோளின் விளிம்பில் செங்குத்தாக இறங்கியது. தோள் இதுவரை வருகிறது, பாருங்கள் என்று கோடு போட்டுக் காட்டியது. தையல் சாக்குக்கட்டியை எடுத்து, கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். மறுபக்கமும் இழுத்தாள். தோள் உள்ளே வந்தது. கீழ்விளிம்பைத் தொடையிலிருந்து இடுப்பெலும்புக்கு மடித்தாள். கால் நீண்டது.

"அம்மா, இது ராக்லன்" என்றாள் மகள். "வெளையாடுறவங்க போடுவாங்களே, கைத்துணி கழுத்து வரைக்கும் வரும். போன்ல பேட்டர்னே இருக்கு."

"இருக்கட்டும். நானும் கண்டுபிடிச்சேன்."

சாக்குக்கோடுகளோடு அதைக் கணவனே போட்டுக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டாள். தனக்குப் புதிதாக ஒன்று தைக்க, மீதிச் சாம்பல் துணி உடம்புப் பகுதிக்குத்தான் போதும். கைகளுக்குக் கருநீலம் வாங்கினாள். இந்த முறை செய்தித்தாளில் தானே வரைந்தாள். கணவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான்.

"இது உள்ளளவா?"

"கையில கத்திரிக்கோல் இருக்கு. பாத்துப் பேசுங்க."

கழுத்துப் பட்டி நெளிந்தது. பிரித்தாள். மறுபடி நெளிந்தது. துணியை இழுக்காமல் மிஷின் போகிற போக்கில் விட்டாள். படிந்தது.

திங்கட்கிழமை கிடங்கில், கூட வேலை செய்யும் நெட்டைக்காரி அவளைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏய், எங்க எடுத்த?"

"எடுக்கல. தச்சேன்."

"பொய் சொல்லாத. இடுப்பு எப்ப வந்துச்சு உனக்கு?"

"எப்பவும் இருக்கு. நீதான் பாத்ததில்ல."

மேனேஜர் மேலும் கீழும் பார்த்தார். "ம்" என்றார். "போ, முன்னாடி நில்லு." அவள் நகர்ந்ததும் அலமாரியிலிருந்து ஒரு பச்சை ஏப்ரனை எடுத்து நீட்டினார். "கவுண்டர்ல இது கட்டணும்."

கழுத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிந்தது. அட்டைபோல் விறைப்பு. கட்டிக்கொண்டாள். இடுப்பு போயிற்று, பட்டி போயிற்று, ஓரங்களில் இரண்டு நீலக் கைகள்தான் மிச்சம். சிரிப்பு வந்துவிட்டது.

முதல் வியாபாரி வந்தார். "புதுசா?"

"கவுண்டருக்குப் புதுசு. பூவுக்குப் பழசு. என்ன வேணும்ணே?"

"வெள்ளையில நல்ல கட்டா எடும்மா."

வாளிகள் பின்னால் இருந்தன. திரும்பினாள். ஏப்ரனுக்கு முதுகு கிடையாது. பக்கவாட்டில் இருந்த குளிரறை வாசலிலிருந்து நெட்டைக்காரி விசிலடித்தாள்.

அவள் அவசரப்படவில்லை. நல்ல கட்டு எது என்று ஒவ்வொரு வாளியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.