சமையலறை வாசலில் ஒரு ஸ்டூல்

நில அளவைத் துறையில் இருபத்திரண்டு வருஷம் டேப் பிடித்த அவருக்கு ஆபீசில் 'அரையங்குலம்' என்று பெயர். எல்லைத் தகராறில் இரண்டு வீட்டுக்காரர்களும் சமாதானமாகி, கை குலுக்கி, டீயும் குடித்து முடித்த பிறகு, "ஒரு நிமிஷம் சார், இந்தப் பக்கம் அரையங்குலம் இடிக்குது" என்று மறுபடி டேப்பை இழுப்பார். சண்டை முதலிலிருந்து தொடங்கும். மற்றபடி சாது. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டரில் பாட்டு கேட்பார், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கும் படவரைவாளர் வீட்டுக்கு ஒரு வரைபடம் வாங்கப் போனார். அங்கே கம்ப்யூட்டரில் புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே 'ஹ்ஹ்' என்று யாரோ மூச்சு வாங்குகிற சத்தம்.

"உள்ள யாரு சார், உடம்பு சரியில்லையா?"

"உள்ள யாருமே இல்லையே. வாசிக்கிறவர் மூச்சு இழுக்கிறார். உங்க வீட்டுல கேட்கலையா?"

அரையங்குலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அதே சிடிதான் அவரிடமும் இருந்தது. ஒன்றரை வருஷமாகக் கேட்கிறார். வீட்டுக்கு ஓடிவந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். குழல் கேட்டது, மூச்சு கேட்கவில்லை.

"நம்ம வீட்டுல மட்டும் அந்த மனுஷன் மூச்சே விடாம வாசிக்கிறார்" என்று மனைவியிடம் முறையிட்டார்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். "மூச்சு விடலைன்னா உடனே சொல்லணும்ங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு வந்து சொன்னா நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. முதல் யோசனை படவரைவாளருடையது. சிடியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது இடம் மிச்சம் பிடிக்கப் பாட்டைச் சுருக்கிவிடுகிறோம், சுருக்கும்போது சின்னச் சின்ன சத்தமெல்லாம் உதிர்ந்துபோகும் என்றார். சரி என்று எல்லா சிடியையும் சுருக்காமல் மறுபடி ஏற்றினார். அதற்கே பத்து நாள் பிடித்தது. மூச்சு வரவில்லை. பிறகு சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி வாங்கினார். கம்ப்யூட்டர் உள்ளே செய்கிற வேலையை இது வெளியே நின்று சுத்தமாகச் செய்யுமாம். உண்மையிலேயே சத்தம் தெளிந்தது. தபேலாவில் விரல் எது, உள்ளங்கை எது என்று தெரிந்தது. மூச்சுதான் இல்லை.

"ஸ்பீக்கர் ரெண்டும் நீங்களும் சமபக்க முக்கோணமா இருக்கணும் சார்" என்றார் படவரைவாளர்.

அளவு என்று சொன்ன பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? ஆபீஸ் டேப், தூக்குக்குண்டு எல்லாம் வீட்டுக்கு வந்தன. நான்கு தடவை அளந்தார். நான்கு தடவையும் முக்கோணத்தின் மூன்றாவது முனை சமையலறை வாசலுக்கு நட்டநடுவில் போய் நின்றது.

"மேஜையைக் கொஞ்சம் நகர்த்தினா என்னப்பா?" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"அந்தப் பக்கம் ஜன்னல் கண்ணாடி, சத்தம் பட்டுத் திரும்பும். இந்தப் பக்கம் பீரோ, அதிரும். இதுதான் இடம்."

வாசலில் ஸ்டூல் வந்தது. காது ஸ்பீக்கர் உயரத்துக்கு வர வேண்டும் என்பதால் ஸ்டூலின் மேல் இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரி. தரையில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். மனைவி துடைத்துவிட்டார். உடனே இவர் எல்லைக்கல்லுக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்டைக் கொண்டுவந்து அடித்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். மனைவி கொதிக்கிற பாத்திரத்தோடு "வழி, வழி!" என்று வருவார். அவர் தலையை ஆட்டாமல் முழங்காலை மட்டும் ஒதுக்குவார். தலை ஆடினால் முக்கோணம் கெட்டுவிடும். மகள் ஒரு கையை அவர் தோளில் ஊன்றி, வேலி தாண்டுகிற மாதிரி தாண்டுவாள்.

"கம்ப்யூட்டர் விசிறி இரைச்சல்தான் மூச்சை அமுக்குது" என்று அடுத்து கண்டுபிடித்தார். கம்ப்யூட்டரைத் துணி அலமாரிக்குள் வைத்து, பின்பலகையில் ஓட்டை போட்டு வயரை வெளியே இழுத்தார். முதல் இரண்டு நாள் மனைவிக்கு ஏக சந்தோஷம். "யூனிஃபார்ம் இஸ்திரி போட்ட மாதிரி கதகதன்னு இருக்குங்க." மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் படுத்துவிட்டது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் எழுந்துகொண்டது, ஆனால் மகள் சேமிக்காமல் பாதிவரை அடித்து வைத்திருந்த கட்டுரை போயிற்று. அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். தாண்டும்போது தோளில் கை வைப்பதையும் நிறுத்தி, தலையில் வைத்தாள்.

பிறகு ஃபிரிட்ஜ். பாட்டு கேட்கும் நேரத்தில் அதை அணைப்பார், போட மறந்துவிடுவார். பால் திரிந்தது. பிறகு சுவர்க் கடிகாரம். 'டிக் டிக்' தொந்தரவு என்று பேட்டரியைக் கழற்றினார். மறுநாள் காலை மனைவி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நிதானமாகக் கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம்.

திரும்பி வந்தவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள அந்த ஆள் மூச்சு விடணும். இல்லைன்னா ஸ்டூல் தெருவுக்குப் போகும். ஸ்டூல் மேல யார் உட்கார்ந்திருந்தாலும் சரி."

ஞாயிறு மதியம் வந்தது. சாப்பிட வந்திருந்த மாமனார், "நீங்க கேளுங்க மாப்ள, நான் குறுக்க வரல" என்று சமையலறைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மின்விசிறி, ஃபிரிட்ஜ், கடிகாரம் எல்லாம் நின்றன. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அரையங்குலம் டைரக்டரிகள் மேல் ஏறி அமர்ந்து, முதுகை நிமிர்த்தி, பாட்டைப் போட்டார்.

கால் மணி நேரம் கழித்து அந்த வீடே அதிர்ந்தது.

"கேட்குது! கேட்குது! ரெண்டு பேரும் ஓடி வாங்க!"

மனைவி வந்தார். பேசாமல் இருந்த மகளும் வந்தாள். அரையங்குலத்துக்குக் கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு ஆழமா இழுக்கிறார் பாரு. அப்படியே பக்கத்துல நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கு."

மனைவி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு போய்ப் பாட்டை நிறுத்தினார். குழல் நின்றது. மூச்சு நிற்கவில்லை. ஸ்டூலுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, மாமனார் வாயைத் திறந்துகொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா நல்லா வாசிக்கிறார்" என்றார் மனைவி.

மகள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. "தள்ளுங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்று கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தாள். எதையோ திறந்தாள், மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள். திடீரென்று "ஐயோ!" என்றாள்.

"என்னம்மா?"

"சின்னச் சின்ன இரைச்சலை வடிகட்டுற ஒண்ணு ஓடிட்டு இருக்குப்பா. ஆன்லைன் கிளாசுக்காக ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் போட்டேன். மைக்குக்கு மட்டும்னு நெனச்சேன். நாம கேட்கிறதுக்கும் சேர்த்து டிக் அடிச்சிருக்கேன் போல."

"அதை எதுக்கும்மா போட்ட?"

மகள் தயங்கினாள். "நீங்க தும்முறது மொத்த கிளாசுக்கும் கேட்டுச்சுப்பா."

மகள் டிக்கை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டாள்.

'ஹ்ஹ்.'

மூச்சு மட்டுமா? யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். எங்கோ தூரத்தில் ஒருவர் இருமலை அடக்கினார். தாள் ஒன்று சரசரத்தது. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி ஜன்னல் பக்கம் போனார். அங்கேயும் கேட்டது. வராந்தாவுக்குப் போனார். அங்கேயும் கேட்டது. "இருந்தாலும் ஸ்டூல்ல இருந்து கேட்டா அரையங்குலம் கூடுதல் தெளிவுதான்" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவி மட்டும் கம்ப்யூட்டரை விட்டு அசையவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, நோயாளி நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி நின்றார்.

"இந்த ஆளுக்கு நெஞ்சுச் சளிங்க."

"என்னது?"

"மூணாவது பாட்டுல இருந்து மூச்சு இழுக்கிற சத்தமே மாறுது பாருங்க. ஆவி பிடிக்காம வந்து உட்கார்ந்திருக்கார். வீட்டுல சொல்ல ஆளில்லை போல."

அன்று அந்த சிடி முழுவதையும் மனைவி கேட்டு முடித்தார். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும், பையைக் கூடக் கீழே வைக்காமல், "வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டார். பாடகர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவருக்கு மூக்கடைப்பு, ஒருவருக்குப் பதற்றம், ஒரு அம்மாவுக்கு மட்டும் "நுரையீரல்னா இது நுரையீரல்" என்று சான்றிதழ். பிறகு நோய் பார்ப்பது குறைந்து, பாட்டுக் கேட்பது கூடியது.

இப்போதெல்லாம் சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டர் மனைவி வசம். இரவுச் சாப்பாடு அரையங்குலம் பொறுப்பு. போன வாரம் அவர் உள்ளே நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவு.

"ஏங்க," முன்னறையிலிருந்து குரல் வந்தது, "அந்தக் கத்தி சத்தம் கொஞ்சம் கம்மியா."

அவர் கத்தியை மெதுவாக வைத்துவிட்டு, மீதி பீன்ஸைக் கையாலேயே ஒடிக்கத் தொடங்கினார்.