பூமுடி இல்லாத மாடு

ஜெர்மனியில், அல்கோய் மலையடிவாரத்துச் சிற்றூர் அது. கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகள் செப்டம்பரில் இறங்கிவரும்; ஊரே கூடி மேளம் கொட்டி வரவேற்கும். ஒன்றுகூடச் சாகாத மந்தையின் முன்மாட்டுக்கு மட்டுந்தான் தலையில் பூமுடி கட்டுவார்கள்.

மன்னாரிலிருந்து அகதியாக வந்த பேர்பெச்சுவா, ஹூபர்ட்டின் பண்ணையில் மாடு பார்த்தாள். 2006இல், அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த நாகு, இன்னும் கன்று போடாத இளம்பசு ஒன்று, மலைச்சரிவில் விழுந்து செத்தது. மாடுகள் இறங்குவதற்கு முதல்நாள், முன்மாட்டுக்குப் பூமுடியைக் கட்டிவிடும்படியும் செத்ததைப் பற்றி மூச்சுவிட வேண்டாமென்றும் ஹூபர்ட் சொன்னார். அந்த மாடு தன் தலையைத் தொடவிடுவது அவளை மட்டுந்தான். அவள் மறுத்துவிட்டாள்.

வீட்டில் கணவன் யோசப் தலையில் அடித்துக்கொண்டான். “முதலாளியோட உனக்கென்ன கொழுவல்? சொன்னதைச் செய்துபோட்டு வாவன்.”

“ஏலாது. என்ர கையால பால் குடிச்ச சீவன் அது. சாகேல்லை எண்டு ஊருக்கு முன்னால பொய் சொல்ல என்னால ஏலாது. வேலை போனால் போகட்டும்.”

மறுநாள் முன்மாட்டை வெறுந்தலையோடு ஊருக்குள் நடத்திவந்தாள். ஹூபர்ட் முகம் சிவக்கப் பின்னால் வந்தார். மேளம் நின்றது. பியரும் கையுமாக நின்ற கிழவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். கடைசியில் ஹூபர்ட்டும் கழற்றினார்.

அடுத்த வருடம் ஒரு மாடும் சாகவில்லை. ஹூபர்ட் பூமுடியையும் கயிற்றையும் பேர்பெச்சுவாவிடம் கொடுத்தார்.

“நீயே முன்னால் போ. நீ பிடித்து வந்தால்தான் ஊர் நம்பும்.”