நுரை மெஷினுக்குச் சாம்பிராணி

போன வாரம் ஆயுத பூஜை. உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் பொட்டு வைத்தீர்கள்? பைக், மிக்ஸி, தையல் மெஷின், லேப்டாப்... எங்கள் வீட்டில் கூடுதலாக இருபத்திரண்டு கண்ணாடித் தொட்டிகள்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தகவல். நான் சூலூரில் பவளம் வளர்க்கிறேன். கடலே இல்லாத ஊரில், ஒரு காலத்தில் தறி ஓடிய ஷெட்டில், உப்பு மூட்டை வாங்கித் தண்ணீரில் கரைத்து நானே கடல் தயாரித்து... சிரிக்காதீர்கள், பிழைப்பு ஓடுகிறது.

கல்லாக இறுகுகிற பவளத்தைச் சட்டப்படி தொடக்கூடாது. என்னிடம் இருப்பவை மெத்தென்ற ஜாதிகள். சட்டைப் பட்டன் அளவில் பூ விரிப்பது ஒன்று, காளான் மாதிரி குடை பிடிப்பது இன்னொன்று. பிளேடால் துண்டு போட்டு, சின்ன சிமெண்ட் வில்லையில் பசை வைத்து ஒட்டினால் சில மாதங்களில் ஒரு துண்டு ஒரு குடும்பமாகிவிடும். வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கிப் போவார்கள்.

வருகிறவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. பேச வராது. நீல லைட்டைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொள்வேன். பச்சையும் ஆரஞ்சுமாக விரிந்து நிற்கிற பவளம் எனக்கும் சேர்த்துப் பேசிவிடும்.

பூஜைக்கு மறுநாள் பதினொரு மணிக்கு சலீம் பாய் வருவதாக இருந்தது. உக்கடம் பக்கம் வண்ண மீன் கடை வைத்திருப்பவர். பவளம் விற்பதையே விட்டுவிட்டவர். "வாங்கி வெச்சா வாராவாரம் மூடிக்குதுங்க. அப்புறம் செத்துப்போகுது. நமக்கு எதுக்கு அந்தப் பாவம்?" என்று போனில் சொன்னவரை, என் மனைவி கோமதிதான் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்றிருந்தார்.

அவர் எடுத்தால் மாதா மாதம் சரக்கு நிலையாகப் போகும். எடுக்காவிட்டால்? பாதித் தொட்டிகளைக் காயப்போட்டுவிட்டு, நான் மறுபடி யார் தறிக்காவது போக வேண்டியதுதான்.

காலை பத்து மணிக்கு லைட்டைப் போட்டேன். ஒன்றுகூட விரியவில்லை.

பட்டன்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. காளான்கள் உலர்ந்த திராட்சையாகச் சுருங்கிக் கிடந்தன. உப்பு பார்த்தேன், சரி. சூடு பார்த்தேன், சரி. மோட்டார் ஓடுகிறது. நுரை மெஷின் மட்டும் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. தண்ணீரில் உள்ள அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளுகிற மெஷின் அது. மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

கோயில் வாசனை.

"கோமதி... நேத்து இங்க சாம்பிராணி காட்டுனயா?"

"காட்டாம? மிக்ஸிக்குக் காட்டுனோம், பைக்குக்குக் காட்டுனோம். சோறு போடற மெஷினுக்குக் காட்ட வேண்டாமுங்களா?"

"எந்த மெஷினுக்கு?"

"நுரை எடுக்கறதுக்குத்தானுங்க. சின்னக் குழாய் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்குதுல்ல, அங்க புடிச்சேன். என்ன அழகா உறிஞ்சுச்சுங்கறீங்க... சாமியே வந்து ஏத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அதனால இன்னொருக்கா அள்ளிப் போட்டுக் காட்டுனேன்."

அந்தக் குழாய் மெஷினின் மூக்கு. அறையிலிருக்கும் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் பொடிப்பொடியாகக் கலக்கிவிடும். இருபத்திரண்டு தொட்டிக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வருகிறது. ஆக, கோமதி ஒரு மெஷினுக்குக் காட்டிய புகையை மொத்தக் கடலும் குடித்திருக்கிறது!

கோபம் வந்ததா? வந்தது. ஆனால் அந்த மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தது யார்? நான்தான்.

நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் கரித்துகள் பைகளைத் தண்ணீர் ஓடும் வழியில் போட்டேன். பழைய தண்ணீரை முடிந்தவரை மாற்றினேன். இனி விரிய இரண்டு, மூன்று நாள் ஆகும். பாய் வர அரை மணி நேரம்தான் இருந்தது.

"ஏனுங்க, லைட்டை அணைச்சுப்போடுங்க" என்றாள் கோமதி. "கரண்ட் இல்லைன்னு சொல்லிப்போடலாம். இருட்டுல மூடித்தானுங்களே இருக்கும்?"

உண்மைதான். இருட்டில் பவளம் மூடித்தான் இருக்கும். பாய்க்கு அது தெரியும். சந்தேகமே வராது. நானும் சுவிட்சில் கை வைத்துவிட்டேன்... அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். லைட் எரிந்தபடியே இருந்தது.

பாய் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"என்னங்க தம்பி, எல்லாம் துவண்டு கெடக்குது? அம்மணி போன்ல பூந்தோட்டம்னு சொன்னாங்க. இங்க வந்து பாத்தா எழவு ஊடு மாதிரி இருக்குதே."

கோமதி என்னைப் பார்த்தாள். எனக்காகப் பேச வேண்டியவை எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டிருக்கின்றன. வேறு வழி?

நான் பேசினேன். பூஜை, சாம்பிராணி, மெஷினின் மூக்கு, இரண்டாவது தடவை அள்ளிப் போட்டது, சுவிட்சில் கை வைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் மூச்சு விடாமல் அவ்வளவு பேசி கோமதியே கேட்டதில்லை.

பாய் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார்.

"எப்பக் காட்டுனீங்க?"

"நேத்து சாயங்காலமுங்க."

"இன்னிக்குக் காலைல மூடிருச்சு."

"ஆமாங்க."

தாடியைத் தடவினார். "நம்ம கடைக்கு ஒரு பக்கீர் வருவாருங்க தம்பி. வியாழக்கிழமை சாயங்காலமாச்சுன்னா சட்டியும் மயிலிறகுமா வந்துருவாரு. கடை முழுக்கச் சாம்பிராணிப் புகை போட்டுட்டுத்தான் போவாரு. தொட்டிப் பக்கம் கொஞ்சம் சேத்துப் போடுங்கன்னு நானே சொல்லுவேன்... வியாபாரம் நடக்கட்டும்னு."

"வெள்ளிக்கிழமை மூடிக்குமுங்களா?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை மூடிக்கும். நம்ம கடையிலயும் இதே மெஷின்தான். அது தெரியாம பவளம் குடுத்தவனுக்கெல்லாம் போன் போட்டுச் சண்டை புடிச்சேன். நாலு பேரு மூஞ்சியில முழிக்க முடியாம இருக்குது இப்ப."

முதலில் சிரித்தது கோமதி. பிறகு பாயும் சிரித்தார்.

எழுந்தபோது சொன்னார்: "இதுவரைக்கும் வாங்குன எடத்துல எல்லாம் என் தண்ணியத்தான் குத்தம் சொன்னாங்க. தன் ஊட்டுல தப்புன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். விரிஞ்சதும் வீடியோ அனுப்புங்க. அம்பது வில்லை எடுத்துக்கறேன். நல்லா இருந்தா மாசா மாசம்."

மூன்றாம் நாள் விரிந்தன. வீடியோ போயிற்று. நேற்று ஐம்பது வில்லையும் உக்கடம் போய்ச் சேர்ந்தன.

தப்பை மறைக்கும்போது நம் நஷ்டம் மட்டும்தான் நமக்குக் கண்ணில் படுகிறது. அதே தப்பை இன்னொருவர் செய்துவிட்டு, காரணம் தெரியாமல் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை. நான் அந்த சுவிட்சை அணைத்திருந்தால்? பாய் வாங்கிப் போயிருப்பார்; வெள்ளிக்கிழமை மூடியதும் அவர் சண்டை போட்டவர்களில் நான் ஐந்தாவது ஆளாகியிருப்பேன்.

இப்போது மெஷினின் மூக்கை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டிருக்கிறேன். பாய் கடையிலும் அப்படியே செய்துவிட்டார். புகை போடுவது நிற்கவில்லை.

ஆனாலும் கோமதிக்கு மனது ஆறவில்லை. "மூக்குதான் வெளிய போயிருச்சே, அடுத்த வருஷம் இதுக்கு எப்படிங்க காட்டறது? பாவமில்லீங்களா?"

"போட்டோ எடுத்து வெச்சுக் காட்டு" என்றேன் விளையாட்டாக.

இன்று காலை பார்க்கிறேன்... சாமி ரூமில், லட்சுமிக்குப் பக்கத்தில், ஃப்ரேம் போட்டு, சந்தனப் பொட்டோடு என் நுரை மெஷின்!